அனுப்பி வைக்கிற டாக்டர்

ஜன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்குக் காத்து ஒத்துக்கிடாது. பொய்தான் சொல்லுதேன், நல்லாவே ஒத்துக்கிடும். ஆனா ஜன்னலோரம் உக்காந்தா வெளிய பாக்கத் தோணும், பேச்சு நின்னு போகும். தென்காசி வரைக்குமா? நல்லது, நேரம் கிடக்கு.

நான் டாக்டர். இருங்க, அதுக்குள்ள காலை நீட்டாதீங்க. முழங்கால்தானே? பஸ் படியில நீங்க ஏறினதைப் பாத்தேன். அதைப் பொறவு பேசுவோம். நான் அந்த மாதிரி டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரியில சமூக மருத்துவம்னு ஒரு பாடம் உண்டு, அதுக்கு வாத்தியார். கொசு, தண்ணி, கக்கூஸ், தடுப்பூசி, இதெல்லாம் எங்க கணக்குல வரும். கல்யாண வீடுகள்ல என் சம்சாரம் என்னை அறிமுகப்படுத்துற அழகைக் கேக்கணும். "இவங்க டாக்டர்தான், ஆனா வைத்தியம் பாக்க மாட்டாங்க." என்ன பதவின்னு யோசிச்சுப் பாருங்க. ஆவுடையப்பன்னு பேரு.

எங்க காலேஜ் எதுன்னு கேக்க வேண்டாம். பாளையங்கோட்டைக்கு அங்கிட்டு ஒண்ணு, அவ்வளவுதான். அங்க ரொம்ப நாளா ஒரு குறை. படிச்சு முடிச்ச பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினா முழிக்குதுக. பெரியாஸ்பத்திரியில ஒரு நோய்க்குப் பேரு வச்ச பொறவுதான் அது நம்ம கைக்கு வரும். நெஞ்சுன்னா ஒரு மாடி, எலும்புன்னா ஒரு மாடி. கிராமத்துல நோய் பேரில்லாம வரும். "ஒரு மாதிரியா இருக்கு சார்"னு வந்து உக்காரும். அந்த ஒரு மாதிரிக்குப் புஸ்தகத்துல பக்கம் கிடையாது. அதனால முதல்வர் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளைகளைத் தயார் பண்ண ஒரு பாடத்திட்டம் போடுங்க, உங்க துறைதானேன்னு சொன்னாரு.

கேட்டதும் எனக்குக் கால் தரையில நிக்கலை. இத்தனை வருஷத்துல எங்கிட்ட யாரும் ஒண்ணு கேட்டதே இல்லை, பாத்துக்கிடுங்க. அந்தக் கோடை முழுக்க உக்காந்து எழுதினேன். தலைக்கு வச்சுப் படுக்கலாம், அந்தத் தடிமன். நோயாளி பேசுறதைக் குறுக்கிடாமக் கேட்பது எப்படின்னு ஒரு அத்தியாயம். போன்ல ஆலோசனை சொல்றது எப்படின்னு ஒண்ணு. நோயாளியோட சேர்ந்து முடிவெடுக்கிறது எப்படின்னு ஒண்ணு. எனக்கு ரொம்பப் பிடிச்சது 'நிச்சயமின்மையை எதிர்கொள்ளுதல்'. அதுக்கு அம்புக்குறியெல்லாம் போட்டு ஒரு படம் நானே வரைஞ்சேன். எந்த அம்பைப் பிடிச்சுப் போனாலும் கடைசியில 'மேல் சிகிச்சைக்கு அனுப்பவும்'னு ஒரு கட்டத்துல போய்த்தான் முட்டும். அது அப்ப எனக்குத் தோணலை.

சரி, கமிட்டி கூடுச்சு. கமிட்டிக்குத் தலைவி டாக்டர் பிலோமினா. மகப்பேறு துறைக்குத் தலைமை. அவங்க கை பட்டுப் பிறந்த பிள்ளைக பாதிப்பேரு இப்ப அந்தக் காலேஜ்லயே படிக்குதுன்னு சொல்லுவாங்க. அதிகம் பேச மாட்டாங்க. நான் அம்புக்குறிப் படத்தைச் சுவத்துல காட்டி நல்லா நேரம் எடுத்து விளக்கினேன். எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாங்க. கேட்டு முடிச்சு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "ஆவுடையப்பன், நீங்க கடைசியா ஒத்தையா உக்காந்து ஓ.பி. பாத்தது எப்போ?"ன்னாங்க.

நான் யோசிக்கிற மாதிரி மேல பாத்தேன். மேல ஃபேன்தான் சுத்திக்கிட்டிருந்துது. உண்மை என்னன்னா, நான் ஒத்தையா பாத்ததே இல்லை. படிச்சேன், மேல படிச்சேன், அப்படியே வாத்தியாராயிட்டேன். அறுவைச் சிகிச்சைக்காரரு ஒருத்தரு சிரிச்சுட்டாரு. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்துது. நான் எந்திரிச்சு, வேணும்னா நானே ஒரு பருவம் போய் இருந்துட்டு வாரேன்னு சொல்லிட்டேன். சொன்ன வாயை உடனே மூடியிருந்தா, சும்மா வேகத்துல சொன்னாருன்னு விட்டிருப்பாங்க. நான் மூடலை. எந்த ஊருன்னாலும் சரின்னு வேற சேத்துச் சொன்னேன்.

கருங்காட்டுப்புதூர்னு ஒரு ஊரு. அங்க இருந்த டாக்டரம்மா பிரசவ லீவுல போயிருந்தாங்க. பொங்கல் வரைக்கும் அந்த நாற்காலி எனக்கு.

முதல் நாள் முதல் நோயாளி, வயசான ஒரு அம்மா. தலை சுத்துதுன்னாங்க. நான் என் பாடத்திட்டத்துல எழுதின மாதிரியே, பிறந்ததுல இருந்து ஆரம்பிச்சுக் கேட்டேன். சின்ன வயசுல அம்மை போட்டுதா, வீட்டுல எத்தனை ஜன்னல், எந்த அடுப்பு. அந்த அம்மாவும் இப்படிக் கேக்க ஒரு ஆளு கிடைச்ச சந்தோஷத்துல மருமகள் கதை வரைக்கும் வந்துட்டாங்க. நர்ஸ் வடிவு சிஸ்டர் எட்டிப் பாத்து, சார் வரிசை ரோட்டைத் தாண்டிட்டுதுன்னாங்க. நான் அவங்களைக் கையமத்திட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். மத்தியானத்துக்குள்ள பாதிப்பேரு அவங்களே குணமாகி வீட்டுக்குப் போயிட்டாங்க.

கேக்குறதுல கூட நான் மோசம் இல்லை அண்ணாச்சி. கேட்டு முடிச்ச பொறவுதான் மோசம். தலைவலின்னு ஒருத்தன் வந்தா எனக்கு மூளையில கட்டிதான் தெரியும். இருமல்னா நுரையீரல்ல இருக்கிற அத்தனையும் வரிசையா வந்து நிக்கும். காலேஜ்ல தெரியாததைப் பக்கத்து அறையில கேக்கலாம். இங்க பக்கத்து அறையில மருந்துப் பெட்டிதான் இருக்கு. அதனால நான் என்ன செஞ்சேன், என் படத்துல போட்ட அம்பைப் பிடிச்சுக்கிட்டே போய், எல்லாரையும் திருநெல்வேலிக்கு அனுப்பினேன். தலைவலியை அனுப்பினேன். வயித்துவலியை அனுப்பினேன். ஆம்புலன்ஸ் பையன்க நம்ம வாசல்லயே வண்டியை நிப்பாட்டிச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பிச்சுட்டானுக. திரும்பிப் போயிட்டு வர்ற டீசலாவது மிச்சம்னு.

ஊருல எனக்கு ஒரு பேரும் வந்துட்டுது. அனுப்பி வைக்கிற டாக்டர். "எந்த டாக்டர் இருக்காரு?" "அனுப்பி வைக்கிற டாக்டர்தான்." நான் அதை முதல்ல பாராட்டுன்னு நினைச்சேன். அக்கறையா மேல் சிகிச்சைக்கு அனுப்புறாருன்னு ஜனங்க புரிஞ்சுக்கிட்டாங்க போலன்னு. வீட்டுக்குப் போன் போட்டுச் சம்சாரத்துக்கிட்ட கூடச் சொன்னேன். அவ சாப்பிட்டீங்களான்னு கேட்டா.

நம்ம ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்புல மாசானம்னு ஒருத்தரு டீக்கடை வச்சிருந்தாரு. என் வயசுதான் இருக்கும். ஒரு நாள் காலையில நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தாரு. கூட அவரு சம்சாரமும் வந்தாங்க. நெஞ்சுவலின்னு சொன்னதும் எனக்கு வேற ஒண்ணும் கண்ணுல படலை. கையெழுத்தைப் போட்டு வண்டியில ஏத்திட்டேன். கொஞ்ச நேரத்துல பெரியாஸ்பத்திரியில இருந்து போன். எங்கிட்ட படிச்ச பையன்தான் அங்க டூட்டி. "சார், நீங்க அனுப்பினதுல பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வச்ச ஒரு அம்மா துணைக்கு வந்து இறங்கினாங்க சார். ரெண்டு பேரும் அப்படியே கேட்டுக்கு வெளிய போயிட்டாங்க. நெஞ்சுவலியைக் காணும்"னான். விசாரிச்சா, பாளையங்கோட்டையில அவங்க சொந்தத்துல கல்யாணம். முகூர்த்தத்துக்குப் பஸ் இல்லையாம். வடிவு சிஸ்டருக்கு அது முன்னாலயே தெரியும். ஏம்மா சொல்லலைன்னு கேட்டேன். நீங்க யாரையாவது அனுப்பாம விட்டிருக்கீங்களா, சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு கேட்டுட்டு ஊசி மருந்தை எடுத்து வைக்கப் போயிட்டாங்க.

அன்னைக்கு எனக்கு ரோசம் வந்துது. இனி ஒருத்தரையும் அனுப்புறதில்லைன்னு முடிவு கட்டினேன். அடுத்து வந்த அத்தனை பேருக்கும் மாத்திரையைக் குடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அதுவும் அனுப்புறதுதான், இல்லையா? ஜனங்க அதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. கூட்டம் குறைஞ்சு போச்சு. திருநெல்வேலிக்கு இலவச வண்டி இல்லைன்னா இந்த டாக்டர் எதுக்கு? காலையில கொஞ்ச பேரு, அதுக்கு மேல நான், வடிவு சிஸ்டர், ஒரு பல்லி. நான் பாடத்திட்டத்தை எடுத்து வச்சுத் திருத்திக்கிட்டு இருப்பேன்.

அப்படி ஒரு முற்பகல்ல மாசானம் மறுபடி நெஞ்சைத் தடவிக்கிட்டு வந்தாரு. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறுச்சு. இன்னைக்கு யாருக்குக் கல்யாணம்னு கேட்டேன். அவரு சிரிக்கலை. வடை மாவு புளிச்சுப் போச்சு சார், வீணாக்க வேண்டாம்னு நானே தின்னேன், கேஸ் பிடிச்சிருக்கு, ஒரு மாத்திரை குடுங்க, கடையில அடுப்பு எரியுதுன்னாரு. ஈ.சி.ஜி. எடுத்துப் பாத்தேன். ஒரு கோணலும் இல்லை. கேஸ்தான். கேஸ் மாத்திரையைக் கையில எடுத்துட்டேன்.

இந்த இடத்துல நான் என்னவோ மோப்பம் பிடிச்சேன்னு சொல்லத்தான் ஆசை. காலேஜ்ல அப்படித்தான் சொன்னேன். உங்ககிட்ட எதுக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலை. அனுப்பவும் மனசில்லை, போகச் சொல்லவும் மனசில்லை. வேற நோயாளியும் இல்லை. பேச ஆளில்லாம எனக்கு வாய் துருப்பிடிச்சுக் கிடந்துது. கொஞ்ச நேரம் இங்கேயே படுங்க மாசானம், பாத்துட்டுச் சொல்லுதேன்னு சொல்லிட்டுப் பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டேன். போட்டு, என் பாடத்திட்டத்தை ஆரம்பிச்சேன்.

ஆமா அண்ணாச்சி, அவருக்கிட்டதான். முதல் அத்தியாயத்துல இருந்து. கையைப் பிடிச்சு நாடி பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே, எதிர்கால மருத்துவர் எப்படி இருக்கணும்னு சொல்லிக்கிட்டே போனேன். அவரும் நல்லாத்தான் கேட்டாரு. நடுவுல ஒரு தடவை எந்திரிக்கப் பாத்தாரு, இருங்க, முக்கியமான இடம் வருதுன்னு தோளைப் பிடிச்சுப் படுக்க வச்சேன். நிச்சயமின்மை அத்தியாயத்துக்கு வந்தப்போ, ஒரு தடவை எடுத்த பரிசோதனையை நம்பிரக்கூடாது, மறுபடி எடுத்துப் பாக்கணும்னு ஒரு வரி வந்துது. சொன்னதைச் செஞ்சே காட்டிருவோம்னு வடிவு சிஸ்டரைக் கூப்பிட்டு இன்னொரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னேன்.

காகிதம் மெஷின்ல இருந்து வந்துது. முதல்ல சமமா இருந்த கோடு இப்ப எந்திரிச்சு நிக்குது. மாரடைப்பு. என் கண்ணு முன்னால, என் பாடத்திட்டத்தைக் கேட்டுக்கிட்டே, அந்த மனுஷனுக்கு மாரடைப்பு வந்துக்கிட்டிருக்கு.

ஆஸ்பிரின் மாத்திரையைச் சவைக்கக் குடுத்தோம். ஆக்ஸிஜன் குழாயைப் பக்கத்துல இழுத்தோம். வடிவு சிஸ்டர் வண்டிக்குப் போன் போட்டாங்க. மாசானம் வர மாட்டேன்னுட்டாரு. ஏற்கெனவே கல்யாணத்துக்குப் போய் ஊரே சிரிச்சுது, இன்னொரு தடவை அந்த வண்டியில ஏறினா கடையை மூடிட்டுத்தான் போகணும்னாரு. அப்ப நான் அவருக்கு நல்லா எடுத்துச் சொன்னேன். நோயாளியோட சேர்ந்து முடிவெடுக்கிறது எப்படின்னு எழுதியிருந்தேன்ல, அப்படியே வரி மாறாம. போனா என்ன நன்மை, போகாட்டா என்ன ஆபத்து, உங்க விருப்பம் என்ன. என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பாத்துட்டு, சரி சார் போவோம்னாரு. எனக்கு உடம்பு சிலிர்த்துது. பாடத்திட்டம் வேலை செய்யுதேன்னு.

வண்டியில நானும் ஏறினேன். வழியில ஒரு இடத்துல மாசானத்துக்குக் கண்ணு சொருகுச்சு, அப்ப நான் கூப்பிட்ட சாமி பேரெல்லாம் எனக்கே புதுசு. ஆள் பிழைச்சுக்கிட்டாரு. ரத்தக்குழாய் வழியா அடைப்பை எடுத்து, கொஞ்ச நாள்ல வீட்டுக்கு வந்துட்டாரு.

பொங்கல் கழிச்சு நான் ராசா மாதிரி காலேஜுக்குத் திரும்பினேன். கமிட்டி மறுபடி கூடுச்சு. ஜனங்க சார்புல ஒருத்தரு வந்து பேசணும்னு ஒரு ஏற்பாடு. நான் வேற யாரைக் கூப்பிடுவேன்? மாசானத்தைக் கார் வச்சு அழைச்சுட்டு வந்தேன். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில மாத்திரை டப்பா. பெரிய பெரிய டாக்டருகளுக்கு நடுவுல கூச்சமில்லாம உக்காந்தாரு. முதல் வேலையா, கேன்டீன்ல டீ குடிச்சேன், வாயில வைக்க முடியலை, நம்மகிட்ட விட்டா நல்லா நடத்தலாம்னு ஒரு விண்ணப்பம் போட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க.

பிலோமினா மேடம்தான் கேட்டாங்க. அன்னைக்கு டாக்டர் சொன்னதுல எது உங்களுக்குப் புரிஞ்சுது, எதனால வண்டியில ஏற ஒத்துக்கிட்டீங்கன்னு. நான் நிமிர்ந்து உக்காந்தேன்.

மாசானம் என்னைப் பாத்தாரு. சொல்லலாமான்னு கேக்குற மாதிரி. நான் சொல்லுங்க சொல்லுங்கன்னு தலையை ஆட்டினேன்.

"சாரு நிறையச் சொன்னாரு மேடம். ஒண்ணும் விளங்கலை. பேசுறவரு பெரிய மனுஷன், பாதியில எந்திரிச்சுப் போனா நல்லா இருக்காதேன்னு படுத்துக் கிடந்தேன். பொறவு அந்தக் காகிதத்தை எடுத்தாருல்லா, அப்ப சாரு கை நடுங்குச்சு. காகிதம் சலசலன்னு ஆடுச்சு. வாய் மட்டும் அது பாட்டுக்குப் பேசுது. அப்பதான் இது கேஸ் இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சுது."

யாரும் சிரிக்கலை. சிரிச்சிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். பிலோமினா மேடம் என் பாடத்திட்டத்தை முன்னால இருந்து பின்னால வரைக்கும் ஒரு தடவை புரட்டினாங்க. "இந்தக் கை நடுக்கத்தை எந்த வாரத்துல வைக்கப் போறீங்க, ஆவுடையப்பன்?"னு கேட்டாங்க. கிண்டலாக் கேட்ட மாதிரி தெரியலை. நிசமாவே பதில் வேணும்ங்கிற மாதிரி கேட்டாங்க. நாலாவது வாரம்னு வாய் வரைக்கும் வந்துது. நல்லவேளை, முழுங்கிட்டேன்.

அந்தக் கூட்டத்துலயே பாதியை வெட்டிட்டாங்க. அம்புக்குறிப் படம் போச்சு. வெட்டினதுக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு சேத்தாங்க. பிள்ளைகளைக் கிராமத்துக்கு அனுப்புறதுக்கு முன்னால, அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற ஒவ்வொரு வாத்தியாரும் போய் ஒத்தையா உக்காந்துட்டு வரணும். எலும்பு டாக்டரு, கண் டாக்டரு, எல்லாரும். அறுவைச் சிகிச்சைக்காரரு எந்திரிச்சுக் குதிச்சாரு. அவரை அப்பப் பாக்கணும் நீங்க, எனக்கு வயிறு நிறைஞ்சுது. யாரு முதல்ல போறதுன்னு கேள்வி வந்ததும் எல்லாரும் மேசையைப் பாத்தாங்க. மேடம் அவங்க பேரையே முதல்ல எழுதினாங்க.

டாக்டரம்மாவோட லீவு நீண்டுட்டுது, அதனால மேடமும் கருங்காட்டுப்புதூருக்கே போனாங்க. போன அன்னைக்கே நான் யோசனை நிறையச் சொல்லி அனுப்பினேன். எங்க சாப்பாடு நல்லா இருக்கும், எந்தக் குழாயில தண்ணி வராது. பட்டுச்சேலையைப் பாத்தா உஷாரா இருங்கன்னும் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. எவ்வளவு பெரிய டாக்டரு, அவங்களுக்கு அங்க என்ன கஷ்டம் வந்துரப்போகுதுன்னுதான் எனக்கு எண்ணம். கொஞ்சம் பொறாமையும்தான். வடிவு சிஸ்டர் அவங்களை எப்படிப் பாராட்டுவாங்கன்னு நினைச்சா, உள்ளுக்குள்ள எரிஞ்சுது.

ஒரு நாள் சாயங்காலம் நான் வகுப்பை முடிச்சுட்டு வாரேன், போன் அடிக்குது. மேடம். எடுத்ததும் எப்பவும் போல ஆரம்பிச்சேன், சொல்லுங்க மேடம், எப்படி இருக்கு நம்ம ஊருன்னு.

அவங்க குரல் ரொம்ப மெதுவா இருந்துது. ஒரு சின்னப் பிள்ளை, இன்னும் நடக்க ஆரம்பிக்கலை, காய்ச்சல்ல வெட்டு, அதான் வலிப்பு, வந்து தூக்கிட்டு வந்திருக்காங்க. மூக்குல மருந்து அடிச்சாச்சு, வெட்டு நின்னுட்டுது, ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்கேன், மூச்சு இருக்கு, வண்டி வந்துக்கிட்டிருக்குன்னாங்க. நான் கேட்டுக்கிட்டே வந்தேன், எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. ஒண்ணும் விடலை. குழந்தை டாக்டர் நம்பர் தரவா மேடம்னேன். அவருக்கிட்ட பேசியாச்சுன்னாங்க. அப்ப நான் என்ன செய்யணும் மேடம்னு கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்"னாங்க. "போனை மட்டும் வச்சிராதீங்க."

நான் வராந்தாவுல அப்படியே நின்னேன். சொல்ல என்கிட்ட எவ்வளவோ இருந்துது, நம்புங்க. ஒரு வார்த்தை வரலை. அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் கேக்கு. யாரோ ஒரு பொம்பளை ஆளு விசும்புறது கேக்கு. மேடம் மூச்சு விடுறது கேக்கு. அவங்க என்கிட்டயும் பேசலை. பிள்ளைக, வாத்தியாருக எல்லாரும் என்னைத் தாண்டிப் போறாங்க, இவரு போனைக் காதுல வச்சுக்கிட்டுச் சும்மா நிக்காரேன்னு அதிசயமாப் பாத்துட்டுப் போறாங்க. எவ்வளவு நேரம்னு தெரியலை. பொறவு தூரத்துல வண்டிச் சத்தம் கேட்டுது. அது வந்து சேரும் முன்னாலயே பிள்ளை அழுதான். நல்லா, ஓங்கி, கோவமா அழுதான். மேடம் போனை வச்சுட்டாங்க.

பிள்ளை நல்லா இருக்கான். இப்ப நடக்கான்னு வடிவு சிஸ்டர் சொன்னாங்க.

மேடம் அதைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. நானும் என்ன நினைச்சுக்கிட்டேன், போன்ல ஆலோசனை சொல்றது எப்படின்னு நான் எழுதின அத்தியாயத்தைப் படிச்சுட்டுத்தான் கூப்பிட்டிருக்காங்கன்னு. வெட்டாம விட்டிருந்த அத்தியாயம் அது. அடுத்த கூட்டத்துல அதைப் பாராட்டுவாங்கன்னு சட்டையெல்லாம் தேச்சுப் போட்டுக்கிட்டுப் போனேன். மேடம் அந்தப் பக்கத்தைத் திறந்து, இதையும் எடுத்துரலாம்னாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஏன்னு தெரிஞ்சுக்கிடணும்னு அறைக்கு வந்து, முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சுப் பாத்தேன் அண்ணாச்சி. அத்தனை பக்கத்துலயும், டாக்டர் என்னென்ன பேசணும்னு மட்டும்தான் இருந்துது.

நானே கிழிச்சுட்டேன்.